சுங்கை நிப்பாவும் மூளையின் உயிரணுக்களும்

மலாய் மொழியில் ‘நிப்பா’ என்பது கழிமுகச் சேற்று நிலத்தில் வளரும் பனையினம் ஒன்றன் பெயர். அதன் ஓலையை முடைந்து வேய்ந்த அத்தாப்புக் கூரையைத் தோட்டப்புறத் தமிழரின் முந்தைய தலைமுறையினர் நன்கறிவர். ‘சுங்கை’ என்பது ஆறு. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ள ‘சுங்கை நிப்பா’ என்னும் சிற்றூர் அப்பனையால் பெயர் பெற்றது. 1999ஆம் ஆண்டிலிருந்து அவ்வூர்ப் பெயரின் பிற்பகுதி ஒரு கொடிய நச்சுயிரியின் பெயராக உலகெங்கும் வழங்கி வருகிறது. வங்காளதேசத்திலும் கேரளத்திலும் அந்நோய் தோன்றும்போதெல்லாம், அவ்வூரைக் கண்டிராத மக்கள் அதன் பெயரை அச்சத்தோடு உச்சரிக்கின்றனர்.

இப்பொழிவில் இரண்டு வினாக்களை எடுத்துக்கொள்கிறோம். முதலாவது வரலாறு பற்றியது: அந்நோய் தனி நோய் என்று தெளிவதற்கு ஏன் ஏறத்தாழ ஆறு திங்கள் ஆயின? இரண்டாவது உயிரியல் பற்றியது: உடலில் எத்தனையோ வகை உயிரணுக்கள் இருக்க, அந்நச்சுயிரி குருதிக்குழாய்களையும் மூளையையும் குறிவைத்துத் தாக்கியது ஏன்? முதல் வினாவுக்கு விடை, ஒரே பெயரின் கீழ் இரு வேறு நோய்கள் மறைந்திருந்தன என்பது. இரண்டாம் வினாவுக்கு விடை, ஒரே மரபணுத் தொகுதியை ஒவ்வொரு வகை உயிரணுவும் வெவ்வேறாக வாசிக்கிறது என்பது. ஒன்றுபோல் தோன்றுவனவற்றுள் வேறுபாடு காண்பதே இரண்டிற்கும் பொதுவான பாடம். மொழியியலைத் தொழிலாகக் கொண்ட நாம் இவ்வரலாற்றை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சொல்ல முற்படுவதும் அதனால்தான்.

நிலமும் தொழிலும்

‘நெகிரி செம்பிலான்’ என்றால் ஒன்பது நாடுகள். சிரம்பான், ரந்தாவ், லிங்கி, லுக்குட், போர்ட்டிக்சன் என நீளும் அதன் மேற்குப் பகுதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ரப்பர்த் தோட்டங்களால் நிறைந்தது. அத்தோட்டங்களின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று, நான்கு தலைமுறைகள் வாழ்ந்தன. பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. 1990களில் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் கைமாறின. நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டிய சிப்பாங்கில் 1998ஆம் ஆண்டு சூன் திங்களில் புதிய அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பெற்றது.

இந்நிலத்தில் சீனக் குடியானவர்கள் நடத்திய பன்றிப் பண்ணைகளும் இருந்தன. அவற்றுள் பெரியதொரு தொகுதி புக்கிட் பெலாண்டுக் வட்டாரத்தில் அமைந்திருந்தது. ‘புக்கிட்’ குன்று, ‘பெலாண்டுக்’ சருகுமான். சருகுமான் குன்று என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்ளத்தக்க அவ்வட்டாரத்தைச் சார்ந்ததே சுங்கை நிப்பா. பண்ணைகளின் உரிமையாளர் சீனர். அங்குக் கூலிக்கு உழைத்தோருள் இந்தியரும் இருந்தனர். நோய் பரவியபோது பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் சீனர். அடுத்த நிலையில் இந்தியர். எனவே இவ்வரலாறு நம் மக்களுக்குப் புறத்தே நிகழ்ந்த ஒன்றன்று.

பெயர் மாறாட்டம்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், பேராக் மாநிலத்தின் ஈப்போவை அடுத்த கிந்தா வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர் சிலர் காய்ச்சலும் தலைவலியும் கண்டு, பின்னர் நினைவிழந்து மாண்டனர். அது ஜப்பானிய மூளை அழற்சி என்று கொள்ளப்பட்டது. அவ்வாறு கொள்ளக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானிய மூளை அழற்சி இந்நாட்டில் முன்பே அறியப்பட்ட நோய்; கொசுவால் பரவுவது; அதன் நச்சுயிரி பன்றியின் உடலில் பெருகுவது. நோயுற்றோர் சிலரின் குருதிச் சோதனையும் அதனைச் சுட்டியது. ஆகவே கொசு மருந்து புகைக்கப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது.

எனினும் நோய் தணியவில்லை. பேராக்கிலிருந்து பன்றிகள் தெற்கே விற்கப்பட்டன. நோயும் அவற்றோடு தெற்கே வந்தது. முதலில் சிரம்பானை அடுத்த சிக்காமாட்டிலும், பின்னர் மிகப் பெரிய அளவில் புக்கிட் பெலாண்டுக்கிலும் அது வெளிப்பட்டது. அங்கே தென்பட்ட அடையாளங்கள் முன்னைய பெயரோடு பொருந்தவில்லை. ஜப்பானிய மூளை அழற்சி பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கு மாண்டவர்கள் உழைக்கும் வயதினர். கொசு இனம் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் பன்றியோடு தொடர்பில்லாத அண்டை மலாய்க் குடும்பங்களில் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். ஜப்பானிய மூளை அழற்சியில் வளர்ந்த பன்றிகள் பொதுவாக நோய்க்குறி காட்டுவதில்லை. இங்கோ பன்றிகளும் நோயுற்று, தொலைவிலும் கேட்கும்படி குரைப்பதுபோல் இருமின.

இவ்வடையாளங்கள் அனைத்தும் பண்ணையில் உழைத்தோரின் கண்முன் நிகழ்ந்தவை. பெயர் ஒன்று நிலைபெற்றுவிட்டால் அதற்கு மாறான சான்றுகள் விதிவிலக்குகளாகத் தள்ளப்படுவது மனித இயல்பு. மொழி ஆய்விலும் இதனை நாம் காண்கிறோம். ஒரு கிளைமொழிக்கு முன்னோர் இட்ட பெயர் தவறென்று சொல்வதற்கு, அதனைப் பேசுவோரிடம் சென்று கேட்பவர் ஒருவர் வேண்டும்.

1999ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் நோயாளிகளின் மாதிரிகளை வளர்ப்பு உயிரணுக்களில் இட்டுப் பார்த்தார். உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரும் திரள்களாயின. ஜப்பானிய மூளை அழற்சி நச்சுயிரியின் போக்கு அவ்வாறன்று. அவர் அம்மாதிரிகளை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்திற்கு எடுத்துச் சென்றார். மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்த நச்சுயிரி, தட்டம்மை நச்சுயிரி சார்ந்த பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரை அடுத்த ஹெண்ட்ரா என்னுமிடத்தில் குதிரைகளிடம் தோன்றிய நச்சுயிரிக்கு நெருங்கிய உறவானது. ஆனால் அதனின் வேறானது. அந்நச்சுயிரி முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்ட நோயாளியின் ஊரை ஒட்டி அதற்கு நிப்பா எனப் பெயரிடப்பட்டது.

பெயர் தெளிந்ததும் செயலும் தெளிந்தது. கொசுவைத் துரத்துவது பயனற்றது. பன்றியின் சளியும் சிறுநீரும் படாமல் காத்துக்கொள்வதே வழி என்பது விளங்கிற்று. இராணுவத்தினரும் ஈடுபட்டு, ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பன்றிகளை வேற்று மாநிலத்துக்குக் கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. மே திங்களளவில் நோய் ஓய்ந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் 11 இறைச்சிக்கூடத் தொழிலாளர் நோயுற்று ஒருவர் மாண்டார். மலேசியாவில் நோயுற்றோருள் பெரும்பாலோர் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தவர்கள். நச்சுயிரியின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பதும், பண்ணைகளை ஒட்டி நின்ற பழமரங்களின் வழியே அது பன்றிக்கு வந்திருக்க வேண்டும் என்பதும் பின்னைய ஆய்வுகளில் தெரியவந்தன. தியோமான் தீவின் வௌவால்களிடமிருந்து அந்நச்சுயிரி பிரித்தெடுக்கவும் பட்டது.

ஒரு தொகுதி, பல வாசிப்பு

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். நச்சுயிரி ஏன் சில உயிரணுக்களை மட்டும் தாக்குகிறது என்று அறிய, உயிரணுக்கள் தம்முள் ஏன் வேறுபடுகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மனிதனின் மரபணுத் தொகுதி நான்கு வேதி எழுத்துகளால் ஆனது. அதன் நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அதனுள் புரதங்களை ஆக்கும் குறிப்புகளைக் கொண்ட மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றின் புரதக் குறிப்புகள் முழுத் தொகுதியில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. முதிர்ந்த செங்குருதியணு போன்ற சிலவற்றைத் தவிர, உடலின் ஒவ்வோர் உயிரணுவும் இத்தொகுதி முழுவதையும் தன்னுள் வைத்திருக்கிறது. கல்லீரல் உயிரணுவிலும் கண் உயிரணுவிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே தொகுதிதான். ஆயினும் ஒன்று பித்தநீர் சுரக்கிறது. மற்றொன்று ஒளியை உணர்கிறது. வேறுபாடு, எந்த மரபணு எப்போது எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதில் உள்ளது. அவ்வாசிப்பைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டையே மரபணு ஒழுங்குமுறை என்கிறோம்.

தோட்டப்புற மக்கள் இதனைப் பெயர் அறியாமலே அறிந்திருந்தனர். பால்மரம் சீவுவோர், மரத்தின் எந்தப் பகுதியில் வெட்டினாலும் பால் கிடைக்கும் என்று கருதுவதில்லை. பால், பட்டையின் உட்புறத்தே உள்ள பால்நாளங்களில் இருக்கிறது. கத்தி ஆழம் குறைந்தால் மங்கில் பால் நிறையாது. ஆழம் மிகுந்தால் உள்ளிருக்கும் வளர்படலம் காயமுற்று மரம் புண்படும். மரக்கட்டையின் உயிரணுவும் பால்நாள உயிரணுவும் ஒரே மரத்தின் ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டவை. பால் ஆக்கும் மரபணுக்கள் பால்நாளத்தில் மிகுதியாக வாசிக்கப்படுகின்றன. தொழிலாளியின் கை அறிந்த அந்த நுண்ணிய எல்லை, மரபணு வாசிப்பின் எல்லையுமாகும்.

செம்பனை இன்னும் வியப்பான ஒரு சான்றைத் தருகிறது. நல்ல மரத்தின் திசுவை வளர்த்து, அதனை ஒத்த கன்றுகளை உண்டாக்கும் முறை மலேசியாவில் கையாளப்பட்டது. அவ்வாறு உண்டான மரங்களுள் சில திரிந்த காய்களைக் காய்த்தன, எண்ணெய் குன்றியது. நல்ல மரத்திற்கும் திரிந்த மரத்திற்கும் எழுத்து வரிசையில் வேறுபாடு இல்லை. 2015ஆம் ஆண்டு மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் அறிவியலாளர்கள் அயல்நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அதன் காரணத்தை வெளியிட்டனர். பூவின் உறுப்புகளை அமைக்கும் மரபணு ஒன்றனுள் புகுந்திருந்த ஒரு துணுக்கின்மேல் இருக்கவேண்டிய மெத்தில் என்னும் வேதிக் குறி, திரிந்த மரங்களில் நீங்கியிருந்தது. எழுத்து மாறவில்லை, எழுத்தின்மேல் இட்ட குறி மாறியது, அதனால் வாசிப்பு மாறியது. அத்துணுக்குக்கு ஆய்வுலகம் இட்ட பெயர் ‘கர்மா’. தமிழில் ஒரு புள்ளி உயிர்மெய்யை மெய்யாக்கிச் சொல்லையே மாற்றிவிடுவதை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

இவ்வாறு வாசிப்பைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு உண்டு என்பதை முதலில் தெளிவாக நிறுவியவர்கள் பாரிசு நகரின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகிய இருவர். குடலில் வாழும் நுண்ணுயிரி ஒன்று, பாற்சர்க்கரை கிடைக்கும்போது மட்டும் அதனைச் செரிக்கும் புரதங்களை ஆக்குவதை அவர்கள் ஆராய்ந்து 1961இல் தம் கொள்கையை வெளியிட்டனர். 1965இல் நோபெல் பரிசு பெற்றனர்.

மனித உயிரணுவில் இவ்வேற்பாடு பல அடுக்குகள் கொண்டது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை நுண்ணிய உட்கருவினுள் புரத உருண்டைகளின்மேல் சுற்றி வைக்கப்பட்டுள்ளது. இறுகச் சுற்றிய பகுதியை வாசிக்க இயலாது. நெகிழ்ந்த பகுதியை வாசிக்க இயலும். நெகிழ்ந்த பகுதிகளில் படியெடுப்புக் காரணிகள் எனப்படும் புரதங்கள் வந்து அமர்ந்து, அருகிலோ தொலைவிலோ உள்ள மரபணுவின் வாசிப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. மனிதரிடம் இத்தகைய காரணிகள் ஏறத்தாழ 1,600 வகை. இவற்றோடு மெத்தில் குறிகளும் சேர்ந்து, ஓர் உயிரணு தன் வகையை மறவாமல் காக்கின்றன. நரம்பணு வாழ்நாள் முழுவதும் நரம்பணுவாகவே இருப்பது இதனால்தான்.

மூளையின் வாயில்கள்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றைத் தாங்கிப் பேணும் துணையணுக்களும் ஏறத்தாழ அதே அளவின. நரம்பணு என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அவை ஒரே வகையின அல்ல. பெருமூளைப் புறணியில் உள்ளதும், மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டில் உள்ளதும் வெவ்வேறு மரபணுக்களை வாசிப்பவை.

இனிப் புக்கிட் பெலாண்டுக்கின் நோயாளிகளைப் பார்ப்போம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவம் பெற்ற 94 பேரைப் பற்றிய ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்களுள் 30 பேர் மாண்டனர். பலரிடம் தசைகள் திடீர் திடீரெனத் துடித்தன. அனிச்சைச் செயல்கள் மறைந்தன. குருதியழுத்தமும் நாடித்துடிப்பும் கட்டுமீறி உயர்ந்தன. இவை மூளைத்தண்டும் முதுகுத்தண்டின் மேற்பகுதியும் பழுதுற்றதைக் காட்டின. மாண்டோரின் உடல்களை ஆராய்ந்த மலேசிய நோய்க்குறி அறிஞர்கள், சிறு குருதிக்குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களும் நரம்பணுக்களும் தாக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். குழாய் அடைபட்ட இடங்களில் மூளைத் திசு சிறு சிறு புள்ளிகளாக இறந்திருந்தது. காரணம் அப்போது தெரியவில்லை.

விடைக்குரிய ஒரு பகுதி, நோய் தோன்றிய அதே 1998ஆம் ஆண்டில் வேறொரு துறையில் வெளிவந்திருந்தது. கலிபோர்னியாவில் குருதிக்குழாய்களின் வளர்ச்சியை ஆராய்ந்தோர், எஃபிரின்-பி2 என்னும் புரதம் தமனிகளின் உட்சுவரில் உண்டு, சிரைகளில் இல்லை என்று காட்டினர். இரண்டும் குருதிக்குழாய்களே, எனினும் கரு வளரும்போதே அவற்றின் உயிரணுக்கள் இம்மரபணுவை வெவ்வேறாக வாசிக்கின்றன. எஃபிரின் குடும்பப் புரதங்கள் வளரும் நரம்பிழைகளுக்கு வழிகாட்டுபவை. இங்கே வா என்றும், இங்கே வராதே என்றும் சொல்பவை. எஃபிரின்-பி3 என்னும் மற்றொன்று, முதுகுத்தண்டின் நடுக்கோட்டை நரம்பிழைகள் தவறாகக் கடக்காமல் தடுப்பது. அது இல்லாத எலிகள் கால்களை மாற்றி மாற்றி வைக்க இயலாமல் முயலைப்போல் தாவுகின்றன.

2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டன: நிப்பா நச்சுயிரி உயிரணுவினுள் புகப் பயன்படுத்தும் வாயில் எஃபிரின்-பி2. அடுத்த ஆண்டே எஃபிரின்-பி3உம் அதற்கு வாயிலாவது தெரிந்தது. நச்சுயிரி இவ்வாயிலைத் தானே அமைக்கவில்லை. உடல் தன் தேவைக்கு அமைத்ததை அது பயன்படுத்திக்கொண்டது. எஃபிரின்-பி2 தமனிகளின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் உண்டு. ஆகவே அவ்விரண்டும் தாக்கப்பட்டன. எஃபிரின்-பி3 மூளைத்தண்டில் வாசிக்கப்படுகிறது. அதனால்தான் மூளைத்தண்டு கடுமையாகப் பழுதுற்றது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மனிதர், பன்றி, குதிரை, நாய், பூனை, வௌவால் ஆகியவற்றில் எஃபிரின்-பி2 ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பதால், ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்திற்குத் தாவுவதும் நச்சுயிரிக்கு எளிதாயிற்று.

வாயில் இருந்தால் மட்டும் நோய் உண்டாகிவிடாது. உடலின் காப்பு ஆற்றல், உட்புகுந்த நச்சுயிரி அங்கே பெருகும் சூழல், குருதியிலிருந்து மூளைக்குச் செல்லும் வழி ஆகியனவும் கூடவேண்டும். எனினும் வாயிலை அறிந்ததால் பயன் விளைந்தது. நச்சுயிரியின் எந்தப் பகுதி அவ்வாயிலைப் பற்றுகிறதோ அந்தப் பகுதியை மறைக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாக்கப்பட்டன. ஹெண்ட்ரா நச்சுயிரியின் அத்தகைய புரதத்தைக்கொண்டு ஆக்கிய தடுப்பூசி 2012இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளுக்கு வழங்கப்பட்டது. மனிதர்க்கான நிப்பாத் தடுப்பூசிகள் ஆய்வு நிலையில் உள்ளன. 2018ஆம் ஆண்டு கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் 17 பேர் மாண்டதை நினைத்தால், இவ்வாய்வின் தேவை நமக்கு விளங்கும். நெகிரி செம்பிலானில் பிழைத்தெழுந்தோருள்ளும் சிலரிடம் திங்கள்களும் ஆண்டுகளும் கழித்து மூளை அழற்சி மீண்டும் தோன்றியது. உயிர் தப்பியவரிடமும் நோய் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை.

உயிரணுக்களின் வரைபடம்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஆய்வாளரிடம் இருந்தவை, மூளைத் திசுவை மெல்லிய துண்டாக நறுக்கிச் சாயமிட்டுப் பார்க்கும் முறையும், திசுவை அரைத்து மொத்தமாக அளக்கும் முறையும் ஆகும். அரைத்து அளப்பது, ஒரு மாநிலத்தின் பேச்சு முழுவதையும் ஒன்றாகக் கலந்து சராசரி காண்பது போன்றது. சிரம்பான் பேச்சும் லிங்கித் தோட்டப் பேச்சும் அதில் தனித்துத் தெரியா. இப்போது ஒவ்வோர் உயிரணுவையும் தனித்தனியே எடுத்து, அது எம்மரபணுக்களை வாசிக்கிறது, அதன் இழையில் எப்பகுதிகள் நெகிழ்ந்துள்ளன என்று அறிய முடிகிறது.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் மனித மூளையின் உயிரணுக்களைப் பற்றிய ஆய்வுத் தொகுதி ஒன்று ‘சயன்ஸ்’ இதழிலும் அதன் துணையிதழ்களிலும் வெளிவந்தது. அதன்படி மூளையில் 3,000க்கும் மேற்பட்ட உயிரணு வகைகள் வேறுபடுத்தப்பட்டன. அத்தொகுதியின் ஓர் ஆய்வு, மூவரின் மூளைகளில் 42 பகுதிகளிலிருந்து 1.1 மில்லியன் உயிரணுக்களை எடுத்து, 107 வகைகளாகப் பிரித்து, மரபணு ஒழுங்குமுறையில் பங்கு கொள்ளக்கூடிய 5,44,735 இடங்களைப் பட்டியலிட்டது. அவ்விடங்களுள் பல ஒரு வகை உயிரணுவில் திறந்தும் மற்றொன்றில் மூடியும் உள்ளன. மனநோய், மறதிநோய் போன்றவற்றோடு தொடர்புடைய மரபுக் கூறுகள் பெரும்பாலும் புரதக் குறிப்புகளில் இல்லை. இத்தகைய ஒழுங்குமுறை இடங்களில்தான் உள்ளன. எனவே எந்நோய் எவ்வகை உயிரணுவில் தொடங்குகிறது என்று தேடுவதற்கு இப்பட்டியல் உதவுகிறது. எடுத்துக்காட்டாக, அல்சைமர் மறதிநோய்க்குரிய கூறுகள் பல, நரம்பணுக்களைவிட மூளையின் காவலணுக்களான நுண்துணையணுக்களின் ஒழுங்குமுறை இடங்களோடு ஒத்துப்போகின்றன.

மூவரைக்கொண்டு மனிதகுலம் முழுவதையும் சொல்லிவிட இயலாது என்பது உண்மையே. ஒரு சிற்றூரில் மூவரிடம் சொல் தொகுத்துவிட்டு அதனைத் தமிழ் அகராதி என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் அகராதி அவ்வாறுதான் தொடங்குகிறது. வயது, பால், இனம், நாடு என இவ்வரைபடம் விரிய வேண்டும். அதற்கு இந்நாட்டின் மாணவர்களும் பங்களிக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

இறுதியாக, நம் துறைக்கு உரிய ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். தமிழில் ‘மூளைக்காய்ச்சல்’ என்னும் சொல், மூளைத் திசுவின் அழற்சியையும் மூளையைச் சூழ்ந்த உறையின் அழற்சியையும் ஒருசேரக் குறித்து வழங்குகிறது. காய்ச்சலில் பிதற்றுவதைச் ‘சன்னி’ என்று கூறிய முதியோரும் நம் தோட்டங்களில் இருந்தனர். வீட்டில் அச்சொற்கள் போதும். மருத்துவ அறிவிப்பிலும் பாடநூலிலும் போதா. மூளை அழற்சி, மூளையுறை அழற்சி என்று பிரித்துச் சொல்லவும், கொசுவால் வருவது எது, விலங்கின் நீரால் வருவது எது என்று தெளிவாக எழுதவும் ஆசிரியர் பழக வேண்டும்.

கலைச்சொற்களிலும் ஒருமை தேவை. தமிழ்நாட்டில் ‘செல்’ என்றும், இலங்கையில் ‘கலம்’ என்றும், மலேசியாவில் ‘உயிரணு’ என்றும் ஒரே பொருள் வழங்குகிறது. இலங்கைப் பாடநூல்களில் மரபணு ‘பரம்பரையலகு’ ஆகும். இவற்றுள் எதுவும் பிழையன்று. ஆனால் மூன்று நாட்டு நூல்களையும் படிக்கும் மாணவர், மூன்றும் ஒன்றே என்று அறியாமல் இடர்ப்படுகின்றனர். சொற்களை இணைத்துக் காட்டும் ஒரு பட்டியலை ஒவ்வொரு பள்ளியும் வைத்திருத்தல் நன்று. ‘மரபணு’ என்னும் சொல்லில் உள்ள ‘அணு’ அதனை ஒரு துகளாக எண்ணச் செய்கிறது. உண்மையில் அது நீண்ட எழுத்து வரிசையின் ஒரு பகுதி என்பதையும் வகுப்பில் விளக்குதல் வேண்டும்.

‘வாசிப்பு’ என்னும் உவமையை நாம் இப்பொழிவு முழுவதும் ஆண்டோம். அதற்கும் எல்லை உண்டு. உயிரணுவினுள் படிப்பவர் எவரும் இல்லை. வாசிக்கும் புரதங்களே அத்தொகுதியிலிருந்து ஆக்கப்பட்டவை. தமிழை நெறிப்படுத்தும் தொல்காப்பியம் தமிழிலேயே இயற்றப்பட்டிருப்பதோடு இதனை ஒப்பிடலாம்.

2015ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம், புதிய நோய்களுக்கு ஊர்ப் பெயர் இடுவதைத் தவிர்க்குமாறு வழிகாட்டியது. அவ்வழிகாட்டுதல் சுங்கை நிப்பாவுக்குப் பதினாறு ஆண்டுகள் பிந்தி வந்தது. பெயரை இனி மாற்ற இயலாது. அப்பெயரோடு சேர்த்து எதனைச் சொல்கிறோம் என்பது நம் கையில் உள்ளது. போர்ட்டிக்சன் மாவட்டத்தின் ஓர் ஊரில் சீனரும் இந்தியருமாகிய உழைப்பாளிகள் மாண்டனர். அவர்களின் நோயைச் சரியாக அடையாளம் கண்டவர் இந்நாட்டு மருத்துவர். அவர்களை ஆராய்ந்து எழுதியவை இந்நாட்டு மருத்துவமனைகளிலிருந்து வெளிவந்தன. மூளையின் உயிரணுக்கள் தம்முள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை உலகம் அறிந்துகொண்டதில் அவர்களின் துன்பத்துக்கும் பங்குண்டு. நிப்பா என்னும் சொல் வகுப்பறையில் வரும்போது, மாணவர்க்கு இவ்வளவும் சேர்த்துக் கற்பிக்கப்பெறுதல் வேண்டும்.